கொலையாளி யாரென்று தெரிந்த பிறகு

சில வாரங்களாக எங்கள் வீட்டுக் கூடத்தில் கொலையும் விசாரணையுமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அகதா கிறிஸ்டி. நடுவில் ஜப்பானிய நாவல் ஒன்று, கல்கத்தாப் படம் ஒன்று, நம் வீணை எஸ்.பாலசந்தர். முன்பே படித்த கதைகளும் முன்பே பார்த்த படங்களும்தான் அதிகம். கத்தியை எடுத்தது யார், விஷம் எந்தக் கையிலிருந்து வந்தது என்பதெல்லாம் தெரிந்தேதான் பார்க்கிறேன்.

அம்மாவுக்கு இது பிடிபடவில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளைப் போட்டி போட்டுக்கொண்டு படித்தவர். ஒன்றை முடித்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேட்டு வாங்கிய தலைமுறை. “யாருன்னு தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் அதுல பாக்கறதுக்கு என்னடா இருக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரை முழுவதும் அதற்குப் பதில் சொல்லத்தான் முயலப்போகிறேன். எந்தக் கதையின் முடிவையும் இங்கே உடைக்க மாட்டேன். பார்க்காதவர்கள் தைரியமாக மேலே படிக்கலாம்.

‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ நாவல் 1934-ல் வந்தது. இஸ்தான்புல்லிலிருந்து மேற்கே கிளம்பிய ரயில் யுகோஸ்லாவியாவில் பனியில் சிக்கி நிற்கிறது. ராத்திரியில் ஒரு பயணி கத்திக்குத்துப் பட்டுச் செத்துக் கிடக்கிறார். அதே பெட்டியில் பயணம் செய்யும் ஹெர்குல் பொய்ரோ ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கிறார். கதையின் வேர் நிஜத்தில் இருக்கிறது. 1932-ல் அமெரிக்க விமானி சார்லஸ் லிண்ட்பெர்கின் கைக்குழந்தையைக் கடத்திக் கொன்றார்கள். உலகத்தையே உலுக்கிய அந்தச் சம்பவத்தைத்தான் ஆம்ஸ்ட்ராங் என்ற குடும்பத்தின் கதையாக மாற்றி கிறிஸ்டி உள்ளே வைத்தார். அந்த ரயிலும் அவருக்குப் பழக்கமானதுதான். 1931-ல் அவர் பயணம் செய்தபோது வெள்ளத்தால் தண்டவாளம் பழுதாகி வழியில் நின்றிருக்கிறது.

படமாக்குகிறவருக்கு இது சிக்கலான நாவல். ஒருவர் வருவார், உட்காருவார், பதில் சொல்வார், போவார். பிறகு அடுத்தவர். நாவலில் அலுக்காமல் படித்துவிடலாம். திரையில் பன்னிரண்டு பதின்மூன்று பேர் வரிசையாக வந்து வாக்குமூலம் கொடுத்தால் யார் உட்கார்ந்திருப்பார்கள்? 1974-ல் இதை எடுத்தவர் சிட்னி லூமெட். தன் முதல் படமான ‘12 ஆங்ரி மென்’னில் பன்னிரண்டு ஜூரிகளை ஓர் அறைக்குள் பூட்டிவைத்துப் படம் காட்டியவர். அடைபட்ட இடத்தில் முகங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதனால் முகங்களையே திரட்டினார்: இன்கிரிட் பெர்க்மன், லாரன் பகால், ஷான் கானரி, வனெசா ரெட்கிரேவ், ஜான் கில்குட், ஆண்டனி பெர்கின்ஸ். பொய்ரோவாக ஆல்பர்ட் ஃபின்னி. அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

பெர்க்மனின் காட்சியைப் பல தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். லூமெட் முதலில் அவருக்குக் கொடுக்க நினைத்தது ரஷ்ய இளவரசி வேடம். நகையும் அதிகாரமுமாகக் கண்ணைப் பறிக்கிற வேடம் அது. அதை விட்டுவிட்டு ஸ்வீடனைச் சேர்ந்த மிஷனரிப் பெண் கிரெட்டா ஓல்சன்தான் வேண்டும் என்று பெர்க்மன் கேட்டு வாங்கினார். விசாரணைக் காட்சி ஏறக்குறைய ஐந்து நிமிடம், ஒரே ஷாட். கிரெட்டா உடைந்த ஆங்கிலத்தில் பேசுகிறார். சொல் கிடைக்காமல் நின்று, கிடைத்ததும் முகம் மலர்ந்து, அடுத்த சொல்லில் மறுபடி தடுக்கி விழுகிறார். கண் ஓரிடத்தில் நிலைக்காமல் பொய்ரோவின் முகத்தையும் வேறெங்கோ தூரத்தையும் மாறி மாறிப் பார்க்கிறது. கேமரா வெட்டாமல் அவரோடு நகர்கிறது. இளம் வயதில் ஹாலிவுட்டே கொண்டாடிய அழகி; இங்கே ஒப்பனையின் பளபளப்பு துளியும் இல்லாமல், வெளிறிய ஏழைப் பெண்ணாக உட்கார்ந்திருக்கிறார். அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் மூன்றாவது ஆஸ்கர் கிடைத்தது. மேடையேறியவர், இந்தப் பரிசு வாலண்டீனா கோர்டேஸுக்குப் போயிருக்க வேண்டும் என்று சக போட்டியாளரின் பெயரைச் சொன்னார்.

முதல் தடவை பார்த்தபோது அந்தப் பெண்மணியின் அப்பாவித்தனத்தைப் பார்த்தேன். முடிவு தெரிந்துகொண்டு பார்த்தால் அதே தடுமாற்றம் வேறு எடையோடு வருகிறது. எந்த வார்த்தை மொழி தெரியாததால் தடுக்கியது, எது வேறு காரணத்தால் தடுக்கியது என்று காது தேட ஆரம்பிக்கிறது. படம் பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் முதலிலேயே கண்ணெதிரே வைத்திருக்கிறது. இஸ்தான்புல் ஸ்டேஷனில் பயணிகள் ஒவ்வொருவராக வந்து ஏறும் நீண்ட காட்சியும் அப்படித்தான். முதல் தடவை நட்சத்திர ஊர்வலம். இரண்டாவது தடவை அதே ஊர்வலம் வயிற்றைப் பிசைகிறது. ரயில் கிளம்பும்போது ரிச்சர்ட் ராட்னி பென்னட் போட்டிருக்கும் உல்லாசமான வால்ட்ஸ் இசையைக்கூட உல்லாசமாகக் கேட்க முடியவில்லை.

தியேட்டரில் பார்த்தவர்களுக்கு இந்த வசதி கிடையாது. வீட்டில் ரிமோட் கையில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் நிறுத்தலாம், பத்து நிமிடம் பின்னே போகலாம், இயக்குநரையே குறுக்கு விசாரணை செய்யலாம். துப்பறியும் படங்களுக்கு இது பெரிய சோதனை. ஏமாற்றிப் பிழைத்த படங்கள் இதில் தேறுவதில்லை.

டேவிட் சூஷே நடித்த 2010-ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி வடிவத்தை அடுத்த நாளே பார்த்தேன். 1989-லிருந்து 2013 வரை 70 அத்தியாயங்களில் பொய்ரோவாக வாழ்ந்த மனிதர். கிறிஸ்டி வாசகர்களில் பலருக்குப் பொய்ரோ என்றால் அவர் முகம்தான். இந்த வடிவத்தில் உல்லாசம் எதுவும் இல்லை. ரயிலில் சூடு நின்றுபோகிறது. எல்லோரும் கோட்டுக்குள் ஒடுங்கி, வாயில் ஆவி பறக்க உட்கார்ந்திருக்கிறார்கள். பொய்ரோ கத்தோலிக்கர், ஜெபமாலை உருட்டுகிறவர். சட்டமா நீதியா என்ற கேள்வி அவரைப் போட்டு வதைக்கிறது. நாவலில் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் தீர்மானத்துக்கு இங்கே அவர் உயிரைக் கொடுத்துப் போராடுகிறார். கடைசியில் பனியில் நடந்துவரும்போது அந்த முகத்தில் ஓடுவதைப் பார்க்க, கதை தெரிந்திருப்பது எந்த விதத்திலும் தடையில்லை. தெரிந்திருந்தால்தான் முழுதாகப் புரியும். கிறிஸ்டி எழுதாத கனத்தை ஏற்றிவிட்டார்கள் என்று சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அது நாவலுக்குள்ளேயே இருந்த கனமாகத்தான் படுகிறது.

கென்னத் பிரானா 2017-ல் எடுத்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 65 எம்.எம். ஃபிலிமில் மலையும் பனியும் கண்ணுக்கு விருந்து. ஆனால் ஜூடி டென்ச்சையும் ஒலிவியா கோல்மனையும் கூட்டிவந்து மூலையில் உட்கார வைத்துவிட்டு, பொய்ரோவைப் பாலத்தின் சட்டங்களுக்கு நடுவே துரத்தி ஓடவிட்டால் எனக்கு ஒப்பவில்லை. மிஷல் ஃபைஃபர் மட்டும் கிடைத்த இடத்தில் நின்று விளையாடியிருக்கிறார். இன்னொரு முறை போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

*

கிறிஸ்டி கதைகளிலிருந்து வந்த படங்களில் எது உயர்ந்தது என்று கேட்டால், என் ஓட்டு 1957-ல் பில்லி வைல்டர் எடுத்த ‘விட்னஸ் ஃபார் தி ப்ராசிக்யூஷன்’ படத்துக்குத்தான். 1925-ல் சிறுகதையாக வந்தது. 1953-ல் கிறிஸ்டியே அதை லண்டன் மேடைக்கு நாடகமாக்கியபோது முடிவில் இன்னொரு படியைச் சேர்த்தார். வைல்டர் அந்த நாடகத்தை எடுத்துக்கொண்டு, நாடகத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தை உள்ளே விட்டார்: நர்ஸ் மிஸ் பிளிம்சால்.

சர் வில்ஃப்ரிட் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீடு திரும்பிய வக்கீல். சுருட்டு கூடாது, பிராந்தி கூடாது, கொலை வழக்கு கூடவே கூடாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்கிறார் நர்ஸ். இந்த இருவராக நடித்த சார்லஸ் லாட்டனும் எல்சா லான்செஸ்டரும் நிஜத்தில் கணவன் மனைவி. அந்த உரசலும் உரிமையும் வசனத்துக்கு வெளியே தானாக வந்து விழுகின்றன. இரண்டு பேருமே அந்த வருட ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இருந்தார்கள்.

நீதிமன்றத்தில் ஒரு சின்ன விஷயம். மேலே சாட்சிகள் விசாரணை நடக்கிறது. கீழே சர் வில்ஃப்ரிட் தனக்குக் கொடுத்திருக்கும் மாத்திரைகளை மேஜையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். சாட்சி சொல்வதைக் கேட்கவே இல்லை என்பது போன்ற முகம். அடுத்த கணம் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஒரே கேள்வியில் சாட்சியை நொறுக்குகிறார். நேரம் போகப்போக மாத்திரைகள் குறைகின்றன. வழக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, அந்த இதயம் இன்னும் எவ்வளவு தாங்கும் என்ற இரண்டு கணக்கையும் வைல்டர் ஒரே மேஜையில் வைத்துவிட்டார். முடிவு தெரிந்தவனுக்கும் அந்த மேஜை பதற்றம் தருகிறது.

மார்லின் டீட்ரிச்சைப் பற்றி எழுதக் கை துடிக்கிறது. எழுதினால் முடிவு கசிந்துவிடும். பெயர்கள் ஓடும்போது, பார்க்காதவர்களிடம் முடிவைச் சொல்லாதீர்கள் என்று ஒரு குரல் ரசிகர்களைக் கேட்டுக்கொள்கிறது. அந்த வேண்டுகோளுக்கு நான் கட்டுப்படுகிறேன். ஒன்று மட்டும் சொல்லலாம்: சாட்சிக் கூண்டில் அந்த அம்மாள் நிற்கும் காட்சியை முதல் தடவையைவிட இரண்டாவது தடவை பார்ப்பதுதான் பெரிய அனுபவம்.

*

கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ நாவல் 2005-ல் ஜப்பானில் வெளியாகி நவோகி பரிசு பெற்றது. அம்மாவின் கேள்வியை அது தலைகீழாகத் திருப்பிப்போடுகிறது. யார் கொன்றது என்பதை ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார்கள். தொல்லை கொடுக்க வீடு தேடி வந்த முன்னாள் கணவனை ஒரு பெண்ணும் அவள் மகளும் சேர்ந்து கொன்றுவிடுகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் கணக்கு வாத்தியார் கதவைத் தட்டி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அவ்வளவுதான். அவர் என்ன செய்தார் என்பதுதான் மீதிக் கதை.

2008-ல் வந்த ஜப்பானியப் படத்தில் வாத்தியார் இஷிகாமியாக ஷினிச்சி சுட்சுமி. தொங்கிய தோள், குனிந்த பார்வை, தன் நிழல்கூட யார் மேலும் பட்டுவிடக் கூடாது என்பதுபோல் ஒரு நடை. காலையில் ஆற்றங்கரையோரம் வீடில்லாதவர்கள் குடிசை போட்டிருக்கும் வழியாக நடந்து, அந்தப் பெண் வேலை செய்யும் கடையில் மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார். முதலில் பார்க்கும்போது இது வெறும் அறிமுகம். கதை முடிந்த பிறகு மறுபடி முதலுக்குப் போய் அந்த நடையை ஒருமுறை பாருங்கள். அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

இந்தியில் சுஜாய் கோஷ் 2023-ல் ‘ஜானே ஜான்’ என்று எடுத்தார். கதையைக் காலிம்பாங்கின் மூடுபனிக்குள் கொண்டுபோனது நல்ல யோசனை. ஜெய்தீப் அஹ்லாவத்தின் வாத்தியாரும் சோடையில்லை. கரீனா கபூரும் விஜய் வர்மாவும் நெருங்கிப் பேசும் காட்சிகளுக்குப் படம் இடம் கொடுக்கக் கொடுக்க, வாத்தியார் ஓரத்துக்குப் போகிறார். அவருடைய தனிமைதான் இந்தக் கதையின் உயிர். 2012-ல் வந்த கொரியப் படத்தில், நாவலில் துப்பறியும் இயற்பியல் பேராசிரியரை முழுக்கவே எடுத்துவிட்டார்கள். கேட்டால் துணிச்சலான காரியம் போலத் தெரியும். ஆனால் வாத்தியாரின் மூளைக்கு ஈடு கொடுக்கிற ஒரே நண்பன், அவரை மதிக்கிற ஒரே மனிதன், அவனே அவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்ற வேதனை அதோடு போய்விடுகிறது.

*

1939-ல் வந்த ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ நாவலில் டெவன் கடற்கரையை ஒட்டிய தீவு ஒன்றில் பத்துப் பேர் கூடுகிறார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. முதல் நாள் இரவு கிராமபோன் தட்டு ஒன்று சுழன்று, ஒவ்வொருவர் மேலும் ஒரு கொலைக் குற்றம் சாட்டுகிறது. பிறகு ஒவ்வொருவராகச் சாகிறார்கள்.

பி.பி.சி. 2015 டிசம்பரில் மூன்று பகுதிகளாக ஒளிபரப்பிய வடிவத்தை இரண்டு இரவுகளில் பார்த்து முடித்தோம். எழுத்து சாரா ஃபெல்ப்ஸ். அந்த வீட்டின் வெறுமை, கடலின் இரைச்சல், மேவ் டெர்மடியின் வேரா எல்லாம் பிரமாதம். வேரா ஒரு சிறுவனுக்கு ஆசிரியையாக இருந்தவள். அவன் கடலில் நீந்திப் போய் மூழ்கிய நினைவு அவளை விட்டு நகர்வதே இல்லை. எதைப் பார்த்தாலும் அந்தக் கடற்கரைக்குத்தான் போய் நிற்கிறாள்.

ஆனால் இதில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. நாவலில் இவர்கள் செய்த குற்றங்கள் சட்டத்தின் கைக்கு எட்டாதவை. வேலைக்காரத் தம்பதி எஜமானிக்கு மருந்து கொடுக்கவேண்டிய நேரத்தில் கொடுக்காமல் இருந்துவிட்டார்கள். ஜெனரல் தன் மனைவியின் காதலனைப் போர்முனையில் திரும்பிவர முடியாத வேலைக்கு அனுப்பினார். போலீஸ்காரர் பொய்ச் சாட்சி சொன்னார். தண்டனை பெற்றவன் சிறையில் செத்தான். யாரும் கையில் ஆயுதம் எடுக்கவில்லை. கிறிஸ்டியின் கதையைத் தாங்கி நிற்பதே இதுதான். தொலைக்காட்சி வடிவத்தில் எஜமானியைத் தலையணையால் அமுக்குகிறார்கள், ஜெனரல் பின்னாலிருந்து சுடுகிறார், போலீஸ்காரர் லாக்கப்பில் அடித்தே கொல்கிறார். கண்ணுக்குத் தெரிகிற ரத்தம் வந்ததும் நாவலின் கேள்வி சுருங்கிப்போகிறது. மருந்து பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சும்மா நின்றவர்களை நாம் என்ன செய்வது என்பதுதான் கிறிஸ்டி கேட்டது. தலையணையோடு நிற்பவர்களைப் பற்றி யாருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் இருக்காது.

இதன் முடிவுக்குத் தனிக் கதை இருக்கிறது. போர்க்காலத்தில், 1943-ல், கிறிஸ்டி இதை நாடகமாக்கியபோது நாவலின் இருண்ட முடிவை மாற்றிக் கொஞ்சம் வெளிச்சம் விட்டார். ரெனே கிளேர் 1945-ல் எடுத்த படம் அந்த வெளிச்சத்தையே பின்பற்றியது. நாவலின் முடிவுக்கு விசுவாசமாக இருந்தது 1987-ல் சோவியத் நாட்டில் ஸ்தனிஸ்லாவ் கோவாருகின் எடுத்த படம்.

நம் எஸ்.பாலசந்தர் இதே கருவை எடுத்து 1970-ல் ‘நடு இரவில்’ கொடுத்தார். 1954-ல் ஏவி.எம்.முக்காகப் பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தவர் அவர். ‘அந்த நாள்’ படத்தில் சிவாஜியைச் சுட்டது யார் என்பது இன்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். இருந்தும் டி.வி.யில் போட்டால் நகர முடிவதில்லை. ‘நடு இரவில்’ படத்தை அம்மா வெளியான புதிதில் தியேட்டரில் பார்த்தவர். இந்தத் தடவை என்னோடு உட்கார்ந்தவர், பாதிப் படத்தில் சொன்னார்: “எல்லாம் சொந்தக்காரங்கடா. அதான் அன்னிக்கு அவ்ளோ பயமா இருந்துது.”

பாலசந்தர் செய்த மாற்றத்தின் நடுநரம்பை அம்மா பிடித்துவிட்டார். கிறிஸ்டியின் தீவில் கூடுகிறவர்கள் அன்னியர்கள். பாலசந்தரின் பங்களாவில் கூடுகிறவர்கள் உறவுக்காரர்கள். மேஜர் சுந்தரராஜன் பெரும் பணக்காரர். மனைவி பண்டரிபாய் மனநிலை பாதிக்கப்பட்டவர். கணவர் அதிக நாள் தாங்கமாட்டார் என்று தெரிந்ததும் இத்தனை காலம் எட்டிப் பார்க்காத சுற்றமெல்லாம் வந்து இறங்குகிறது. ஆங்கிலேயர் கதையில் பழைய குற்றம் இருந்த இடத்தில் தமிழ்க் கதையில் சொத்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால், நம் குடும்பங்களில் பாகப்பிரிவினைக்குக் கூடிய கூட்டம்தான். நாடகத்தனமான நடிப்பு ஆங்காங்கே உண்டு. ஆனால் கறுப்பு வெள்ளையில் வெளிச்சத்தையும் நிழலையும் பிரித்திருக்கும் விதத்தையும், இசையைப் போடாமல் விட்டு பயமுறுத்தும் இடங்களையும் பார்த்தால் இது வெறும் தழுவல் இல்லை என்று தெரியும். வீணை வித்வானுக்கு மௌனத்தின் நீளம் தெரிந்திருக்கிறது.

*

மிஸ் மார்ப்பிள் கதைகளில் எனக்கு மிகப் பிடித்தது 1962-ல் வந்த ‘தி மிரர் கிராக்ட்’. பழைய சினிமா நட்சத்திரம் மரீனா கிரெக், கிராமத்தில் ஒரு மாளிகையை வாங்கிக் குடிவருகிறாள். ஊர்க்காரர்களுக்கு விருந்து வைக்கிறாள். மாடிப்படி ஏறி வருகிறவர்களை வரவேற்கும்போது, பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் தோளுக்கு மேலாக எதையோ பார்த்து ஒரு கணம் உறைந்துபோகிறாள். அந்தப் பார்வைதான் கதை. நாவலில் அந்தப் பார்வையை நாம் நேரே காண்பதில்லை. பார்த்த ஒருத்தி வந்து மார்ப்பிளிடம் விவரிக்கிறாள். எழுத்தில் அது சுலபம். திரையில் ஒரு நடிகை அதைச் செய்துகாட்டியாக வேண்டும். அதிகம் காட்டினால் ரகசியம் உடையும். குறைத்தால் பின்னால் நம்ப முடியாது.

1992-ல் பி.பி.சி.க்காக கிளேர் புளூம் அதைச் செய்தார். அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். புன்னகை முகத்திலேயே இருக்கிறது, அதற்குப் பின்னாலிருந்து ஆள் மட்டும் போய்விடுகிறாள். அவள் என்ன பார்த்தாள் என்று தெரிந்த பிறகு அந்தச் சில விநாடிகளைச் சாதாரணமாகக் கடக்க முடியாது. மார்ப்பிளாக ஜோன் ஹிக்சன். 1940-களில் மேடையில் அவரைப் பார்த்த கிறிஸ்டி, ஒருநாள் நீங்கள் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கிறிஸ்டி 1976-ல் காலமானார். 1984-ல் முதல் மார்ப்பிள் கதை ஒளிபரப்பானபோது ஹிக்சனுக்கு 78 வயது. எட்டு ஆண்டுகளில் பன்னிரண்டு நாவல்களையும் நடித்து முடித்தார். கடைசியில் வந்தது இதுதான்.

இதே நாவலை ரிதுபர்ணோ கோஷ் 2003-ல் ‘ஷுபோ மஹரத்’ என்று வங்காளியில் எடுத்தார். வெளிநாட்டில் குடியேறிவிட்ட முன்னாள் நடிகை பத்மினி, படம் தயாரிக்கக் கல்கத்தா திரும்புகிறாள். பூஜை போட்ட படத்தில் சாவு விழுகிறது. பத்மினியாக ஷர்மிளா தாகூர். துப்பறிகிறவர் வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத ஒரு விதவை அத்தை, ரங்கா பிஷிமா, ராக்கி. அண்ணன் மகள் பத்திரிகைக்காரி, நந்திதா தாஸ். அவள் வெளியிலிருந்து கொண்டுவரும் செய்திகளை வைத்தே அத்தை முடிச்சை அவிழ்க்கிறார். பூனைகள், சமையல், மருமகளின் கல்யாணக் கவலை எல்லாவற்றுக்கும் நடுவே விசாரணை நடக்கிறது. ஆங்கிலக் கிராமத்து மார்ப்பிள் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டே மனிதர்களைப் படிப்பவர். கல்கத்தா அத்தைக்குச் சமையல்கட்டே போதுமாக இருக்கிறது.

1973-ல் ‘தாக்’ இந்திப் படத்தில் ராஜேஷ் கன்னாவோடு சேர்ந்து நடித்த இரண்டு கதாநாயகிகள், ஷர்மிளாவும் ராக்கியும். முப்பது வருடம் கழித்து வங்காளத்தில் வயதான இரண்டு பெண்களாக வருகிறார்கள். ஒருத்தி எல்லோரும் பார்க்க வாழ்ந்தவள்; இன்னொருத்தி யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்தவள். கோஷின் அக்கறை இந்த இரண்டு பேர் மேல்தான். சிறந்த வங்காளப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. ராக்கிக்குச் சிறந்த துணை நடிகை விருது. கதை தெரிந்தும் எனக்குத் தொண்டை அடைத்தது. கொலைக்கான காரணம் அவ்வளவு மனிதத்தனமானது. தெரிந்த பிறகு கோபப்படவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. அம்மா கடைசிவரை ஒன்றும் பேசாமல் பார்த்தார். மறுநாள் காலை, “அந்த அத்தை படத்தை இன்னொரு தடவை போடேன்” என்றார்.

கிறிஸ்டியும் ஹிகாஷினோவும் இப்படித் திரும்பத் திரும்பப் படமாகும்போது சுஜாதாவின் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. ‘ப்ரியா’ 1978-ல் ரஜினி கணேஷாக நடித்துப் படமானது. லண்டனில் நடந்த கதை சிங்கப்பூருக்குப் போய், பாட்டும் காதலுமாகப் பெரிய வெற்றி பெற்றது. பாட்டுகள் இன்றும் காதில் இருக்கின்றன. நாவலின் கணேஷ் அதில் இல்லை. சுஜாதாவுக்கே அந்தப் படத்தில் திருப்தியில்லை. கணேஷ்-வசந்த் கதைகளை நாம் மறுபடி மறுபடி எடுத்துப் படிப்பது கொலைகாரனைக் கண்டுபிடிக்கவா? அது எப்போதோ தெரிந்த விஷயம். சீனியரும் ஜூனியரும் பேசிக்கொள்வதைக் கேட்கத்தானே படிக்கிறோம். இரண்டாவது தடவையும் தாங்கும் கதைகள் அவை.

சூஷேயை வைத்து ஆங்கிலத் தொலைக்காட்சி இருபத்து நான்கு ஆண்டுகள் பொறுமையாகச் செய்ததை இங்கே ஒரு பத்துக் கதைகளுக்காவது செய்யலாம். ஓடிடிக்குத் துப்பறியும் தொடர் எடுக்கத் தமிழில் இப்போது ஆட்களும் பணமும் இருக்கின்றன. எடுப்பவர்களிடம் ஒரு வாசகனாக நான் கேட்பது இவ்வளவுதான்: காலத்தை மாற்றாதீர்கள். செல்போன் இல்லாத எழுபதுகளின் சென்னை, உயர் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள தெருக்கள், டைப்ரைட்டர் சத்தம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். வசந்தின் வாயை மூடாதீர்கள். பாட்டு வேண்டாம்.